அரைக் கட்டை ஏறிய காது

அண்ணன் வீட்டுக் காலிங் பெல் கெட்டுப்போய்விட்டது என்று அண்ணி போனில் சொன்னபோது, தங்கைக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

"அடிக்குது, நல்லாத்தான் அடிக்குது. ஆனா அரைக் கட்டை ஏறிருச்சாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுன்னு காலையிலேர்ந்து ஒத்தக் கால்ல நிக்கிறார் உங்கண்ணன். வர்றவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல? பெல்லுக்குச் சளி பிடிச்சிருக்குன்னா?"

"பேட்டரி மாத்திப் பாருங்க அண்ணி."

"ரெண்டு தடவை மாத்தியாச்சு. வீட்டுக்கு வர்றவங்க பெல்ல அமுக்கினா, கதவைத் திறக்குறதுக்கு முன்னாடி முகத்தைச் சுளிக்கிறார். வந்தவங்க, நம்மளைத்தான் பிடிக்கலன்னு நினைச்சுக்கிறாங்க."

போனை வைத்த பிறகு தங்கையின் சிரிப்பு அடங்கிப்போனது. ஏனென்றால் ஐந்து மாதமாக அண்ணன் இதையே சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய கீபோர்டு ஏறிவிட்டது என்றார். பிறகு அவளுடையதும் ஏறிவிட்டது என்றார். அதற்குப் பிறகு சாக்ஸபோன் ஏறியது. இப்போது பெல். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளும் சொல்லிவைத்தாற்போல் அதே அரைக் கட்டை ஏறுமா?

கல்யாண வரவேற்புகளில் பாட்டு நிகழ்ச்சி நடத்தும் ஒரு இசைக்குழுவில் இவர்கள் இரண்டு பேரும் முப்பத்து நான்கு வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறார்கள். அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது, தங்கைக்கு ஐம்பத்தெட்டு. பாட்டின் ராகத்தை முன்னால் எடுத்துப் போகிறவர் அண்ணன். அடியில் இருந்து தாங்கிக் கொடுக்கிறவள் தங்கை. குழுவில் அதுவே பட்டப்பெயராகவும் ஆகிவிட்டது, ஃபர்ஸ்ட் அண்ணா, செகண்ட் அக்கா என்று.

பாட்டுக்காரர்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று ஏழு வரை போகும். அரைக் கட்டை என்பது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய கட்டைக்கும் உள்ள இடைவெளி. கேட்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது தெரியவே தெரியாது. அண்ணனுக்கோ அதில் பாதி பிசகினாலும் பல் கூசும். சமையலறையில் தட்டு விழுந்தால் கூடத்தில் இருந்து "ஆறரை" என்பார். பஸ் ஹார்ன் அடித்தால் "மூணு" என்பார். பாட்டு தொடங்குமுன் பாடகர் அவர் பக்கம் குனிவார். அண்ணன் கீபோர்டைத் தொடாமலே வாயால் மெல்ல முனகிக் கொடுப்பார். அது ஒருநாளும் தவறியதில்லை. இந்த ஐந்து மாதமும், ஏறிவிட்டது என்று அவர் நினைத்த கீபோர்டுக்குத் தக்கபடியே முனகிக் கொடுத்ததால், பாடகருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கடவுள் ஒரு சிலருக்கு மட்டும் கையில் அள்ளிக் கொடுக்கிறார், அண்ணனுக்குக் காதில் கொடுத்துவிட்டார் என்று தங்கை நினைத்துக்கொள்வாள். அதில் அவளுக்குப் பொறாமை இருந்ததில்லை. தனக்கே கொடுத்த மாதிரி ஒரு பெருமைதான்.

சின்ன வயதில் வீட்டில் ஒரு ஆர்மோனியப் பெட்டி இருந்தது. அண்ணன் இரண்டு கையாலும் வாசிக்க ஆசைப்பட்டதால், துருத்தி போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் இவள்தான். எதிரே உட்கார்ந்து காற்று அடித்துக்கொண்டே இருப்பாள். அண்ணன் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே அழுத்துவார் என்பதெல்லாம் அவள் கைக்குத் தெரியும். பிறகு கீபோர்டு வந்தது. மின்சாரத்தில் ஓடும் பெட்டிக்குத் துருத்தி எதற்கு? கை சும்மா கிடக்க, அவள் ஓரமாய் நின்றாள். அண்ணன்தான் ஸ்டூலில் தள்ளி உட்கார்ந்து, "இடது பக்கம் காலியாத்தான் இருக்கு, வா" என்றார். அப்படி உட்கார்ந்தவள்தான். கல்யாணம் ஆகி, இரண்டு பிள்ளைகள் பிறந்து, பிள்ளையைக் கூடையில் போட்டு ஸ்டாண்டுக்குக் கீழே தூங்கவைத்து வாசித்த காலமும் போய், பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகும் அண்ணனுக்கு இடது பக்கத்தை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

பெல் சமாசாரம் மனதை அரிக்கவே, மறுநாள் அவள் ரிப்பேர் கடைக்குப் போனாள். இசைக்காரர்கள் அந்தக் கடைக்காரரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடிப்படி ஏறினாலே ஈயம் உருகும் வாசனை வரும். திறந்து போட்ட கீபோர்டுகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும், பல் எடுத்த வாய் மாதிரி.

"வாங்கக்கா. நானே உங்களுக்குப் போன் போடணும்னு இருந்தேன்," என்றார் டாக்டர். "அண்ணன் ரெண்டு தடவை வந்துட்டார். கழட்டிப் பார்த்துட்டேன், மெஷின் வச்சு அளந்துட்டேன். கீபோர்டுல ஒரு குறையும் இல்ல."

"அப்புறம் ஏன் ஏறிக் கேக்குது?"

டாக்டர் கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்தார். "காதுக்கா. வயசானா சில பேருக்கு அப்படி ஆகுது. கேக்குறதெல்லாம் ஒரு படி மேல ஏறிக் கேக்கும். ஆர்மோனியத்துக்குச் சுருதி சேர்க்குற ஒரு பெரியவருக்கு இதே மாதிரி ஆனதை நான் பார்த்திருக்கேன். இதுல கூத்து என்னன்னா, இது அண்ணன் மாதிரி நல்ல காது உள்ளவங்களுக்குத்தான் தெரியும். எனக்கெல்லாம் ரெண்டு கட்டை ஏறினாக்கூடத் தெரியாது. நல்லா சாப்பிட்டுத் தூங்குவேன்."

"சரி பண்ண முடியாதா?"

"கீபோர்டுன்னா நான் பண்ணுவேன். இது மேல இருக்கிறவர் டிபார்ட்மென்ட். நீங்கதான் பக்குவமா அண்ணன்கிட்டச் சொல்லணும்."

அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை அண்ணன் வீடு வரை போனாள். ஒரு முறை அவர் வாசலிலேயே நின்று, போகிற வண்டிகளின் ஹார்னைக் கேட்டு, "எல்லாக் கம்பெனியும் மாத்திட்டானுங்க பாப்பா" என்று வருத்தப்பட்டார். அந்த முகத்தைப் பார்த்து, வண்டி மாறவில்லை, நீதான் மாறிவிட்டாய் என்று எப்படிச் சொல்வது? கண் மங்கினால் கண்ணாடி போடலாம். இவருக்கு இருந்த ஒரே சொத்து அந்தக் காது. அதன் மேல் அவர் வைத்த நம்பிக்கை போய்விட்டால், மனிதர் கீபோர்டை உறையில் போட்டு மூடிவிடுவார். அது அவளுக்கு நிச்சயமாய்த் தெரியும். "ஆண்டவனே, நீயே ஏதாவது வழியாச் சொல்லிடு, என் வாயால வேண்டாம்," என்று தினமும் விளக்கை அணைக்குமுன் கேட்டுக்கொண்டாள். இப்படியே மூன்று மாதம் ஓடிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் வரவேற்பு. வழியில் மழை பிடித்துக்கொண்டதால் குழுவின் வேன் தாமதமாகத்தான் மண்டபத்துக்கு வந்தது. சவுண்ட் செக்குக்கு நேரமில்லை. ஒயர்களைச் செருகிக்கொண்டிருந்தபோது அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக அவள் பக்கம் சாய்ந்தார்.

"டாக்டர் ஒருவழியாச் சரி பண்ணிட்டார் பாப்பா! மூணாந்தடவை போய் உக்காந்துட்டேன். உள்ள என்னமோ தளர்ந்திருந்துச்சாம். இப்பக் கேளு, பழைய மாதிரி கும்முன்னு இருக்கும்."

எதைச் சரி பண்ணினார்? கேட்பதற்குள் அறிவிப்பாளர் வணக்கம் சொல்லிவிட்டார், மேடை விளக்கு எரிந்துவிட்டது, அண்ணனின் விரல்கள் முதல் பாட்டின் முன்னிசையில் இறங்கிவிட்டன.

ஒரே விநாடியில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. நச்சரிப்புத் தாங்காமல் டாக்டர், கீபோர்டின் உள் அமைப்பில் போய் அரைக் கட்டை இறக்கி வைத்துவிட்டார். அண்ணன் காதுக்கு அது சரி. மேடையில் இருந்த மற்ற எல்லோருக்கும் அது கீழே. அவளும் கிடாரும் சேர்ந்து வாசித்த முதல் ஸ்வரமே, தகரத்தைக் கல்லில் தேய்த்த மாதிரி மண்டபத்தில் இழுபட்டது. முன் வரிசையில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டது.

கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. ஒருமுறை அமுக்கினால் முழுக் கீபோர்டும் அரைக் கட்டை இறங்கும். அவள் கை தானாக அதற்குப் போனது. அமுக்கினாள். அண்ணனோடு சேர்ந்துவிட்டாள். கிடார்காரரும் கெட்டிக்காரர், விரலை ஒரு கட்டம் கீழே வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். பாடகரும் அதைப் பிடித்துக்கொண்டார். சாக்ஸபோன் மாஸ்டர்தான் மாட்டிக்கொண்டார். சாக்ஸபோனில் ஏது பட்டன்? குழுவை நடத்துகிறவரே அவர்தான். நானூறு பேர் பார்க்க, நடு மேடையில் சாக்ஸபோனை வாயில் வைப்பதும் எடுப்பதுமாக அந்தப் பாட்டு முழுவதும் நின்றார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் தண்ணீர் குடிக்க மேடைக்குப் பின்னால் போனார். மாஸ்டர் கீபோர்டுகளின் பக்கம் வந்தார். அவள் கீபோர்டின் திரையில் மைனஸ் ஒன்று என்று பளிச்சென்று தெரிந்தது.

"நீங்களாக்கா?"

"ஆமா தம்பி. கை தவறிப் பட்டிருச்சு."

"முப்பத்து நாலு வருஷத்துல இல்லாத கை தவறலா?" பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு அவர் திரும்பிப் போனார்.

அண்ணன் வருவதற்குள் அவருடைய கீபோர்டின் உள் அமைப்பில் போய் அதைப் பழையபடி ஏற்றிவைத்தாள். தன்னுடையதையும் மாற்றினாள். அடுத்த பாட்டு சுத்தமாகப் போனது. ஆனால் அண்ணனின் சிரிப்பு இரண்டாவது வரியிலேயே செத்துவிட்டது. வாசித்துக்கொண்டே அவள் காதருகே முனகினார். "மறுபடியும் ஏறிருச்சு பாப்பா." பொம்மையைத் தொலைத்த பிள்ளையின் குரல் அது. அவள் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சாமான்களைக் கட்டும்போது மாஸ்டர் தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, கை தவறிப் பட்டன்ல பட்டிருச்சுன்னு சொன்னீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. இருபத்தாறாம் தேதி பெரிய நிகழ்ச்சி. அதுக்கு மட்டும் நீங்க வீட்ல இருங்க. வேற ஒருத்தரை வச்சுச் சமாளிச்சுக்கறேன்."

அவள் சரி என்றாள். அண்ணன் தடுப்பதற்கு வாயெடுத்தார். அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

வேனில் வீடு வரும் வரை அண்ணன் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். "வயசாகுதுல்ல பாப்பா. விரல் தடுமாறத்தான் செய்யும். இதுக்குப் போய் அழுவியா?" அவள் அழுததென்னவோ உண்மைதான். எதற்கென்று அவருக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்தார். அவள் வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்க மச்சான். சட்டைக்கு அளவு கொடுக்க வந்தீங்களா?"

"அளவெடுக்க வந்தேன். உங்க பொண்டாட்டி காதுக்கு."

"எடுங்க எடுங்க. நான் பேசினா மட்டும் அந்தக் காது கேக்கறதே இல்ல. அதையும் என்னன்னு பாருங்க."

உள்ளறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அண்ணன் சொன்னார். "விரல் தப்பா, காது தப்பான்னு முதல்ல தெரிஞ்சுக்குவோம். மாஸ்டர்கிட்ட நான் பேசணும்ல? நீ திரும்பி நில்லு. நான் அமுக்குறேன், என்ன கட்டைன்னு சொல்லு."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணன் அவளுடைய கீபோர்டில் ஒவ்வொன்றாய் அமுக்கினார். நாலு என்றாள். ஆறு என்றாள். இரண்டரை என்றாள். இருபது கட்டை ஆயிற்று. ஒன்றும் தவறவில்லை.

"இந்தக் கீபோர்டும்தான் ஏறியிருக்கு," என்றார் அண்ணன் மெதுவாக. "நாலை அமுக்கினா நாலரையா கேக்குது. நீ எப்படிக் கரெக்டா நாலுங்கறே?"

"குத்துமதிப்பாச் சொன்னேண்ணா."

"இருபது தடவையுமா?" அவர் எழுந்தார். "சரி, நீ வா. நீ அமுக்கு, நான் சொல்றேன்."

இப்போது அண்ணன் சுவரைப் பார்த்து நின்றார். சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு இரண்டும் தெரிந்தன. இவ்வளவு மெலிந்துவிட்டாரா என்று நினைத்தபடியே அவள் ஐந்தை அமுக்கினாள்.

"அஞ்சரை," என்றார்.

"சரிண்ணா."

இரண்டை அமுக்கினாள். "ரெண்டரை."

"சரிண்ணா."

ஆறை அமுக்கினாள். "ஆறரை."

"சரிண்ணா."

அண்ணன் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். அவர் நின்று என்ன யோசித்தார் என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்த்து அமுக்கியபோது அரைக் கட்டை ஏறிக் கேட்ட அதே கீபோர்டில், முதுகைத் திருப்பினவுடன் காதில் விழுந்ததை அப்படியே சொன்னால் எப்படிச் சரியாகிறது?

"ம், அடுத்தது," என்றார்.

அவள் ஒன்றரையை அமுக்கினாள்.

"ஏழு."

"சரிண்ணா."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒன்றரை எங்கே, ஏழு எங்கே? துருத்தி போட்ட காலத்தில்கூட அண்ணன் அப்படி உளறியதில்லை. வேண்டுமென்றே சொல்லியிருக்கிறார்.

"விரலை எடுக்காத," என்றார் அண்ணன். திரும்பி வந்தார். ஒன்றரையின் மேல் இருந்த அவள் விரலைக் குனிந்து பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

முன்னறையில் தையல் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"மூணு மாசமா. டாக்டர் சொன்னார்."

"காலிங் பெல்?"

"பெல் நல்லாத்தாண்ணா இருக்கு."

அண்ணன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார். வலிக்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"அப்ப ஞாயித்துக்கிழமை மேடையில..."

"உன் கீபோர்டை டாக்டர் அரைக் கட்டை இறக்கி வச்சிருந்தார். எனக்கே வாசிக்கும்போதுதான் தெரிஞ்சுது."

"நீ ஏன்டி உன் தலைல போட்டுக்கிட்ட?"

"வேற யார் தலைல போடறது? என்னைக் குறை சொன்னா எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் செகண்டு. உன் காதை யாராவது ஒரு வார்த்தை சொன்னா என்னால கேட்டுக்கிட்டு நிக்க முடியாதுண்ணா."

"என்கிட்டயே சொல்லாம இருந்திருக்கியே. நான் கட்டையில போற வரைக்கும் சொல்லியிருக்க மாட்ட, இல்ல?"

"சொல்லியிருக்க மாட்டேன்."

"பாவி," என்றார் அண்ணன். கண் நிறைந்து, வாய் சிரித்தது. "ஊரே சேர்ந்து ஏறிருச்சுன்னு நினைச்சேன் பாப்பா. ஒவ்வொருத்தனா பிடிச்சு இறக்கப் பார்த்தேன். எல்லாரும் ஒரே அளவு ஏறியிருக்காங்கன்னா, நான்தான் நகர்ந்திருக்கேன்னு எனக்குத் தோணவே இல்ல பார்த்தியா?"

அவள் பயந்தபடி அவர் இனி வாசிக்க மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். அண்ணன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"நான்தான்ப்பா. ஞாயித்துக்கிழமை தப்பு தங்கச்சியோடது இல்ல. என்னோடது. என் காது அரைக் கட்டை ஏறிருச்சு... ஆமா, காதுதான்... இல்லப்பா, வலிக்கல. மருந்தும் இல்லையாம்... அவ பொய் சொன்னா. எனக்காக... அதனால இருபத்தாறாம் தேதி யாராவது வீட்ல இருக்கணும்னா அது நான்தான். அவ வருவா."

மாஸ்டரின் குரல் அறைக்கே கேட்டது. "என்ன விளையாடறீங்களா? ஃபர்ஸ்ட் இல்லாம செகண்டை வச்சு நான் என்ன பண்றது? சுருதி கொடுக்கிற வேலையை மட்டும் அக்காகிட்ட விட்டுருங்க. வாசிக்கிறதுக்கு விரல்தானே வேணும்? விரலும் ஏறிருச்சா?"

"விரல் இருந்த இடத்துலதான் இருக்கு."

"அப்ப ரெண்டு பேரும் வாங்க. அக்காகிட்டப் போனைக் கொடுங்க... அக்கா, நான் அன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி," என்றாள். போனை அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

போனை வைத்த பிறகு அண்ணன் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். கீபோர்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டுதானே இருக்கு? முதல்லேர்ந்து கத்துக்கறேன். காதுல ஒண்ணரைன்னு விழுந்தா அது ஒண்ணுன்னு மனசுக்குச் சொல்லிப் பழக்கணும். நீ அமுக்கு. தப்பாச் சொன்னா தப்புன்னு சொல்லணும். இனிமே சரிண்ணா சரிண்ணான்னு தலையாட்டினே, தலையில ஒரு குட்டு விழும்."

அறுபத்து மூன்று வயதில் காலை வெயிலில் ஒரு மனிதர் ஒன்று, ஒன்றரை, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். முதல் இரண்டு முறை சரியாகச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நெற்றி சுருங்கியது. காது சொல்வதைத் தள்ளிவிட்டு, கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது. மூன்றாவதாக அவள் ஐந்தை அமுக்கினாள்.

"அஞ்சரை," என்றார் அவசரமாக.

சரிண்ணா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் விழுங்கிக்கொண்டாள்.

"தப்புண்ணா."

அண்ணன் ஜன்னலைப் பார்த்தபடியே தலையை ஆட்டிக்கொண்டார்.

"திரும்ப அமுக்கு," என்றார்.